பூந்தொட்டியில் பூச்சி: குற்றவாளி செடியல்ல!

மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர் என்று மும்பையில் தமிழர் நிறைந்த பகுதிகளில், ஜன்னல் கம்பிக்குள் ஒரு மல்லிகைத் தொட்டியோ துளசிச் செடியோ வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஒற்றை அறை வாழ்க்கையில் மண்ணைத் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். மழைக்காலம் பிறந்ததும் அதைச் சுற்றிச் சின்னஞ்சிறு பூச்சிகள் பறக்கின்றன. உடனே சிலர் விஷ மருந்தைத் தேடுகிறார்கள். சிலர் தொட்டியையே தூக்கி எறிகிறார்கள். இரண்டும் அவசர முடிவுகள்.

பறப்பது எது என்று முதலில் பார்க்க வேண்டும். ஈரமண்ணை ஒட்டித் தத்தித் தத்திப் பறக்கும் கருநிறச் சிற்றீ மனிதரைக் கடிப்பதில்லை. அதன் புழு, மேல்மண்ணில் உள்ள பூஞ்சையையும் அழுகலையும் தின்று வளர்கிறது. பெருகிவிட்டால் இளம் வேரையும் கடிக்கும். இலையைத் தட்டியதும் வெண்துகள் போல் எழும்புவது வெள்ளை ஈ. இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் அதனால் நட்டம் செடிக்குத்தான்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. கறுப்பு உடலில் வெள்ளைக் கோடுகள் கொண்ட ஏடிஸ் கொசு, டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது. அது தொட்டி மண்ணில் பிறப்பதில்லை. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டின் தேங்கிய நீரில் பிறக்கிறது. வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒரு முறை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பத்தடி அறையில், சமையலும் குழந்தைகளின் உறக்கமும் ஒரே இடத்தில் நடக்கும்போது, வயலுக்கான பூச்சிமருந்தை அடிப்பது விவேகமல்ல. பறப்பவை சாகலாம், மண்ணுக்குள் இருக்கும் புழு மறுவாரம் பறந்து வரும். மருந்தின் நெடியோ குழந்தையின் மூச்சில் ஏறும்.

செலவில்லாத வழி இருக்கிறது. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே நீர் ஊற்றலாம். டீத்தூள் சக்கையையும் அரிசி களைந்த நீரையும் தினமும் தொட்டியில் கொட்டும் வழக்கத்தை மழைக்காலத்திலாவது நிறுத்தலாம். சிற்றீக்கு அதுவே விருந்து. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடியருகே தொங்கவிட்டால் பூச்சிகள் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை ஈக்கு, ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் தெளிக்கலாம்.

கொசு வளர இடம் கொடுப்போருக்கு மாநகராட்சி நோட்டீஸ் அனுப்புகிறது, வழக்கும் தொடுக்கிறது. அது தேவையே. ஆனால் ஏழையின் பூந்தொட்டியை நோக்கி நீளும் விரல், கட்டி முடியாத மாடிக் கட்டடங்களில் தேங்கிய நீரையும் மூடியில்லாத தொட்டிகளையும் காண வேண்டாமா? குழாய் நீர் சில மணி நேரமே வரும் இடத்தில் மக்கள் டிரம்மில் பிடித்து வைக்கத்தான் செய்வார்கள். நீர் தாராளமாக வந்தால் டிரம்மும் குறையும், கொசுவும் குறையும்.

அந்தக் கேள்வியை உரக்கக் கேட்கும் உரிமை, தன் வீட்டுத் தட்டைக் கவிழ்த்தவனுக்கே உண்டு. ஞாயிறு காலையில் ஒரு சாலின் எல்லாக் குடித்தனங்களும் சேர்ந்து தட்டைக் கழுவி, டிரம்மைத் துணியால் மூடிக் கட்டினால், கால் மணி நேரத்தில் வேலை முடியும். மல்லிகையும் பூக்கும், காய்ச்சலுக்காக இழக்கும் கூலியும் மிஞ்சும்.