வாலில் புண்ணா? கொட்டகையைப் பாருங்கள்

"வால் நுனிதானே, தானா ஆறிடும்." ஜொகூரில் காளைகளைக் கொட்டகையில் அடைத்து இறைச்சிக்கு வளர்ப்பவர்கள் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். "நுனியை நறுக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. வலியை அனுபவிப்பது வாயில்லா ஜீவன் என்பதால்தான் இந்தப் பேச்சு இத்தனை காலம் எடுபடுகிறது.

இடநெருக்கடியில் ஒரு காளை படுத்திருக்கும்போது இன்னொன்று அதன் வாலை மிதிக்கும். சட்டமிட்ட தரையென்றால் இடுக்கிலும் சிக்கும். முதலில் நுனிமயிர் உதிரும். தொட்டால் வீங்கி இறுகியிருக்கும். பிறகு தோல் வெடித்துக் கறுக்கும். அங்கே சதைப்பற்றில்லை, இரத்த ஓட்டமும் குறைவு. அதனால் எளிதில் ஆறாது. சீழ் மேலேறி முதுகெலும்பை எட்டினால் காளையால் பின்னங்காலை ஊன்ற முடியாது. கிருமி இரத்தத்தில் கலந்தால் நுரையீரலில் சீழ்க்கட்டி வரும். அறுத்த பிறகு அந்த இறைச்சியைக் கழித்துக் கொட்ட வேண்டியதுதான்.

நம் ஊர் வெப்பத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. திருகுப்புழு ஈ புண்ணின் ஓரத்தில் முட்டையிடும். ஒரே நாளில் புழு வெளிவந்து உயிருள்ள சதையையே குடையும். இந்த ஈயை ஒழிக்கும் வழி தேடி, ஈக்களை மலடாக்கி வெளியே விடும் முறைக்கான சோதனைக்கூடத்தை 1990களில் ஆஸ்திரேலியா அமைத்தது நம் குளுவாங் கால்நடை நிலையத்தில்தான். ஒரு நாடே அஞ்சிய ஈக்கு ஆறாத வால் புண் திறந்த வாசல்.

நறுக்கினால் என்ன? பால்மாடுகளின் வாலை நறுக்கினால் மடி சுத்தமாகும் என்று வெளிநாடுகளில் நம்பினார்கள். ஆய்வுகளில் அந்த நன்மை தென்படவில்லை. நியூசிலாந்து 2018இல் அப்பழக்கத்தைத் தடை செய்தது. வாலிழந்த மாட்டால் ஈயை விரட்டவும் முடியாது. வால் அறுபட்ட மாடு குர்பானிக்கு ஆகாது என்பதால் ஹஜ்ஜுப் பெருநாள் விலையும் போய்விடும். அழுகிய நுனியை எடுத்தே ஆகவேண்டுமானால் அது மரத்துப்போக ஊசி போட்டுக் கால்நடை மருத்துவர் செய்யவேண்டிய வேலை, கொட்டகைக் கத்திக்கு அங்கே இடமில்லை.

தீவனம் போடும்போது ஒவ்வொரு வாலையும் நுனிவரை தடவிப் பாருங்கள். ஒரே அடைப்பில் இரண்டு காளைக்கு வீக்கம் இருந்தால் அன்றே சிலவற்றை வேறிடம் மாற்றுங்கள். படுக்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு போடுங்கள்.