தோணியைத் தள்ளிவிட்டு எடுத்த படம்

விடிய நாலரைக்கு வந்தாறுமூலையில் இருந்து ரெண்டு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டோம். சித்தாண்டி, கிரான், கும்புறுமூலை தாண்டிப் பாசிக்குடாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் இருட்டு. இரவல் கமரா, இன்னொருத்தரிடம் கெஞ்சி வாங்கிய வைட் லென்ஸ், ஒரு காலுக்கு டேப் சுற்றிய ட்ரைபொட். இவ்வளவும் தான் எங்கட முதல். ஒரு ரிசோர்ட்டின் இணையத்தளத்துக்குப் படம் எடுக்கும் வேலை. கலியாண வீடு, சாமத்திய வீடு எண்டு படம் எடுத்துத் திரிந்த எங்கள் மூன்று பேருக்கும் அது பெரிய வேலை.

முகாமையாளர் ஒரு பட்டியல் தந்தார். ஆளில்லாத நீச்சல் தடாகம். கடல் தெரிகிற அறை. காலைச் சாப்பாட்டு மேசை. கரையில் கைகோர்த்து நடக்கிற சோடி (அதுக்கு எங்கட பச் ஆக்கள் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம், ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் கண்ணில் காட்டேலாது). கடைசியாக ஒண்டு: "கடல்ல சூரியன் விழுற படம் கட்டாயம் வேணும், தம்பிமார்."

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் விழுவதில்லை. கடலில் இருந்து எழும்பும்; விழுவது முதுகுப் பக்கம், தரைக்குள்ளே. பாசிக்குடாவில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் நாங்கள் வாய் திறக்கவில்லை. விடிகாலைச் சூரியனை எடுத்தோம், எடிட் பண்ணும்போது கொஞ்சம் செம்மஞ்சள் கூட்டினோம், அந்திச் சூரியன் எண்டு கொடுத்தோம். இண்டைக்கும் அந்தப் படம் அப்படித் தான் கிடக்கு. இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம்.

அதே காலையில் நடந்த மற்றக் கதைக்குச் சிரிப்பு வருவதில்லை.

கரையில் ரெண்டு தோணி நின்றது. பக்கத்தில் வலை காய்ந்தது. படத்துக்குள் அது விழுந்தது. "அதக் கொஞ்சம் அங்கால தள்ளச் சொல்லுங்க" எண்டு முகாமையாளர் சொல்ல, காவலாளி போய்ச் சொல்ல, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருத்தர் எழும்பி வந்தார். "மனே, தனியத் தள்ள ஏலா, ஒரு கை குடுங்க" என்றார். நாங்களும் சேர்ந்து தள்ளினோம். பிறகு அவரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னோம். அவர் தென்னைக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டு கேட்டார்:

"ஆருக்கு மனே இந்தப் படம்?"

"வெளிநாட்டு ஆக்களுக்கு, மாமா. பார்த்துட்டு வருவாங்க."

"வந்த பிறகு எங்களக் கண்டா என்ன செய்வாங்க?"

அதுக்கும் சிரித்துச் சமாளித்துவிட்டு வந்தோம். பிறகு தான் அந்தக் கேள்வி எங்களோடு வரத் தொடங்கியது. இந்தக் கட்டுரை அதுக்கான பதில் தான், ஆறு மாதம் பிந்தி.

முதலில் ஒண்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த வேலை கேவலமான வேலை எண்டு சொல்ல நாங்கள் வரவில்லை. கலைப்பீடத்தில் படித்து முடித்தால் என்ன வேலை எண்டு ஊரே கேட்கிறது. பட்டம் கையில் வைத்துக்கொண்டு வேலை கேட்டு வீதியில் இருந்த அண்ணன், அக்காமாரைப் பார்த்துத் தான் நாங்கள் வளர்ந்தோம். கமரா எங்களுக்குக் கம்பஸ் செலவு கட்டியது. அதோடு இது கைவேலை. அறை ஒண்டைச் சரியாக எடுக்க வேண்டுமெண்டால் கமரா நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், சுவர்க்கோடுகள் நேராக நிற்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே கடலும் தெரியவேண்டும், உள்ளே கட்டில் விரிப்பும் தெரியவேண்டும் எண்டால் ஒரே காட்சியை வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று, ஐந்து தடவை எடுத்துப் பிறகு ஒண்டாக்க வேண்டும். நீச்சல் தடாகத்துக்குச் சூரியன் விழுந்து ஒரு கால் மணித்தியாலத்துக்குப் பிறகு வரும் நீல வெளிச்சம் தான் சரி. அது போனால் அடுத்த நாள் தான். இதெல்லாம் படித்து, பிழைத்து, திரும்பப் படித்தது.

எங்கட பிரச்சினை, அந்தக் கைவேலையின் பாதி ஆட்களை அகற்றும் வேலையாக இருப்பது.

அந்த அறையை எடுக்கிறதுக்கு முன்னம் ஒரு அக்கா ஒரு மணித்தியாலம் நின்று விரிப்பை ஸ்ரீம் அயர்ன் பண்ணினா. துவாயை அன்னமாக மடித்து வைத்தா. நாங்கள் ட்ரைபொட்டை நிமிர்த்தினதும் அவவே சொல்லாமல் வெளியே போய்விட்டா. அவவுக்குப் பழக்கம். படத்தில் விரிப்பு இருக்கு, அன்னம் இருக்கு, அக்கா இல்லை. அறை தானாக அப்படி இருந்தது போல ஒரு தோற்றம். கட்டடக்கலைப் படங்களின் வழக்கமே இப்படித் தான்: கதிரை இருக்கும், இருக்கிறவர் இருக்கமாட்டார்.

தம்புள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிற கண்டலம ஹோட்டலை எடுங்கள். ஜெப்ரி பாவா வரைந்தது. பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு, கொடி மூடி நிற்கிற அந்தக் கட்டடத்தைப் படத்தில் பார்த்து நாங்களும் வாய் பிளந்திருக்கிறோம். உண்மையில் வடிவு தான். ஆனால் 1990களின் தொடக்கத்தில் அது கட்டப்பட்டபோது, குளத்துத் தண்ணிக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன ஆகும் எண்டு கேட்டு விவசாயிகளும் பிக்குமாரும் சூழல் ஆர்வலர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த எதிர்ப்பு சரியா பிழையா எண்டது வேறு விவாதம். அப்படி ஒரு விவாதம் நடந்தது என்பதே இண்டைய படங்களைப் பார்த்தால் தெரியவராது. கொடி எல்லாத்தையும் மூடிவிட்டது.

எங்கள் மூன்று பேரில் ஒருத்தி பொகவந்தலாவைப் பக்கம். அவளுடைய தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரியதுரை பங்களா இப்போது வசதியான ஹோட்டல். அதின் படம் ஒண்டை ஒரு நாள் ஃபோனில் காட்டினாள். விறாந்தை, வெள்ளைக் கோப்பை, அதுக்கு அங்கால பச்சைக் கம்பளம் போலத் தேயிலை. அவள் விரலை வைத்துப் படத்தின் ஓரத்தைக் காட்டினாள்: "இந்த மரத்துக்குப் பின்னாடி தான் எங்க லயம் இருக்கு. சரியா அதுக்கு முன்னுக்கு வெட்டியிருக்காங்க." தற்செயலாக அப்படி வெட்டுப்படாது எண்டு படம் எடுக்கிற எங்களுக்குத் தெரியும். கமராவை ரெண்டு அடி இடப்பக்கம் நகர்த்தினால் லயத்துத் தகரம் தெரியும்; அதனால் நகர்த்தவில்லை. ஆள் வேண்டும் எண்டு நினைத்தால் மட்டும் கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி வருவா, பளிச்சென்ற சேலையோடு, சிரித்தபடி. நாள் சம்பளம் 1,000 ரூபா என்பதே பல வருசப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல் தான் வர்த்தமானிக்கு வந்தது எண்டு அந்தச் சிரிப்பு சொல்லாது.

அதே பொகவந்தலாவைத் தேவாலயத்தில் தான் ஜூலியா மார்கரட் கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஒளிப்பட வரலாறு படிக்கிற எல்லாரும் படிக்கிற பெயர். இங்கிலாந்தில் டார்வின், டெனிசன், ஹேர்ஷல் எண்டு பெரியவர்களை எடுத்தவர். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இறக்கும் வரை இங்கேயும் ஆட்களை எடுத்தார். அந்தப் படங்களில் கொஞ்சம் தான் மிஞ்சியிருக்கு. இங்கிலாந்துப் படங்களுக்குக் கீழே பெயர் இருக்கு. இங்கத்தையப் படமொண்டுக்குக் கீழே இருப்பது 'களுத்துறைக் குடியானவர் கூட்டம்'. அவர் ஹோட்டலுக்காக எடுக்கவில்லை, அந்த முகங்களை மரியாதையோடு தான் பார்த்திருக்கிறார். அப்படியிருந்தும் பெயர் விடுபட்டுப் போயிற்று. நாங்கள் அகற்றினால் ஆள் போய்விடும். கவனமில்லாமல் விட்டால் பெயர் போய்விடும்.

"விளம்பரம் எண்டால் பொய் தானே, பிஸ்கட் பக்கற்றுப் படத்தில இருக்கிற மாதிரியா உள்ளுக்குப் பிஸ்கட் இருக்கு?" எண்டு ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. எங்கட பதில் இது: பிஸ்கட் ஆருடையது எண்டதில் சண்டை இல்லை. கரை ஆருடையது எண்டதில் இருக்கு. 1978 சூறாவளியையும் யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்ட கரை இது. எல்லாத்துக்கும் பிறகும் திரும்பி வந்து தோணி விட்ட சனம் இருக்கிற கரை. யுத்தம் முடிந்து ரிசோர்ட்டுகள் வரிசையாக எழும்பின இடத்தில் "மனிதக் கால் படாத கடற்கரை" எண்டு ஒரு படம் போட்டால், அது வெறும் அலங்காரப் பேச்சாக நிற்பதில்லை. இங்கே ஏற்கெனவே ஒருத்தரும் இல்லை எண்டு சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியில் எங்கட கையெழுத்து இருக்கு.

இன்னொரு விசயம். அகற்றப்படுகிறவர்களோடு நாங்கள் ஒரே வரிசையில் தான் நிற்கிறோம். "படம் தானே, ரெண்டு இரவு தங்கிச் சாப்பிட்டுட்டுப் போங்க, உங்கட பேச்சிலும் போடலாம் தானே" எண்டு எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறோம். ரெண்டு நாள் எடுத்த வேலைக்கு நாலு இரவு எடிட் இருக்கு எண்டு அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதுக்குக் காசு இல்லை. படம் வெளிவந்தால் எடுத்தவர் பெயர் இருக்காது. விரிப்பை அயர்ன் பண்ணின அக்கா எப்படிக் காணாமல் போனாவோ, அப்படியே நாங்களும். தோணியைத் தள்ளச் சொன்னபோது "ஏலாது" எண்டு சொல்ல எங்களுக்குத் துணிவு வராததுக்கு இதுவும் காரணம். எழுத்தில் ஒரு ஒப்பந்தமும் இல்லாதவன் எதைப் பேரம் பேசுவது?

அதனால் ஆறு மாதமாக எங்களுக்குள் சில விதிகள் வைத்திருக்கிறோம். பெரிய பிரகடனம் ஒண்டும் இல்லை, ஃபோன் நோட்டில் எழுதி வைத்தது.

எழுத்தில் இல்லாமல் வேலை தொடங்குவதில்லை. எத்தனை படம், எங்கே, எவ்வளவு காலம் பாவிக்கலாம், பாதிக் காசு முற்பணம். ஒளிப்படங்களும் பாதுகாக்கப்பட்ட ஆக்கங்கள் தான் எண்டு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் இருக்கு. எங்களில் பலருக்கு அதே தெரியாது. தங்குமிடத்தைக் கூலியாக எடுப்பதில்லை.

ஆளை எடுத்தால் கேட்டு எடுப்பது, எங்கே போடப்போகிறோம் எண்டு சொல்வது, பெயரைக் கேட்டு எழுதுவது, ஒரு பிரதி அடித்துக் கொடுப்பது. வாட்ஸ்அப்பில் அனுப்புவது கணக்கில் இல்லை.

இருந்த ஒண்டை அழிப்பதில்லை. குப்பைப் பையைத் தூக்கி வைப்போம், அது வேறு. தோணி, வாடி, லயம், கோயில் கொடி இதெல்லாம் குப்பை இல்லை. அவை விழாத கோணம் வேண்டுமெண்டால் அப்படி ஒரு கோணம் தேடுவோம். தேடிக் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை எண்டு சொல்வோம். சூரியனுக்கும் இதே விதி.

கடைசியாக, ஒவ்வொரு வேலையிலும் ஒரு மணித்தியாலம் எங்களுக்காக எடுப்பது. ஹோட்டலுக்குக் கொடுக்காத படங்கள்: சமையலறைப் பின்கதவு, மீன் கொண்டு வருகிற சைக்கிள், விடியப் பஸ்ஸில் வந்து இறங்குகிற ஹவுஸ்கீப்பிங் அக்காமார். எங்கட கரை இந்த வருசங்களில் எப்படி மாறினது எண்டு பிற்காலத்தில் ஆராவது தேடினால் விளம்பரப் படம் மட்டும் அவர்கள் கைக்குக் கிடைக்கக்கூடாது.

இந்த விதிகளால் எங்களுக்கு ரெண்டு வேலை போயிற்று. அதையும் சொல்ல வேண்டும். ஒரு இடத்தில் "உங்கட அரசியல் எங்களுக்கு வேணாம்" எண்டு நேரடியாகவே சொன்னார்கள். மற்ற இடத்தில் பதிலே இல்லை. கம்பஸ் செலவுக்கு இந்தக் காசு தேவையில்லாதவர்களுக்கு விதி வைப்பது சுகம். எங்களுக்கு அப்படி இல்லை. நாளைக்கே ஒருத்தரின் வீட்டில் ஒரு கஷ்டம் வந்தால் இந்த நோட்டை அழிப்போமோ எண்டும் யோசித்திருக்கிறோம். ஆனால் ஒரு இடம் ஒத்துக்கொண்டது. தோணியோடு ஒரு படம், தோணி இல்லாமல் ஒரு படம், ரெண்டும் கொடுத்தோம். இணையத்தளத்தில் ஏறினது தோணி இல்லாதது தான். தோணி உள்ள படத்தைப் பிறகு உணவகத்துச் சுவரில் மாட்டினார்கள். வெற்றியா தோல்வியா எண்டு எங்களுக்குள் இன்னும் சண்டை.

போன மாதம் திரும்பப் பாசிக்குடாவுக்குப் போனோம், வேலைக்கு இல்லை. அந்தத் தென்னைக்குப் பக்கத்தில் மாமா வலை பொத்திக்கொண்டு இருந்தார். எங்களை முதலில் அடையாளம் தெரியவில்லை. தோணி தள்ளினதைச் சொல்லத் தான் தெரிந்தது. அண்டைக்குத் தள்ளுவதுக்கு முன்னம் வெளிச்சம் சோதிக்க எடுத்த ஒரு படம் எங்களிடம் இருந்தது. அதில் ரெண்டு தோணியும் நிற்கும், அவர் பாதி எழும்பிக்கொண்டு இருப்பார். அதைப் பெரிதாக அடித்துக் கொண்டு போயிருந்தோம். வாங்கி, கையைச் சாரத்தில் துடைத்து, வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார்.

"தோணிட பேர் தெரியிது" என்றார்.

அவருடைய பெயரை நாங்கள் அண்டைக்குத் தான் கேட்டோம். படத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம், திகதியோடு.