சாயத்தொட்டியும் சித்திரக் கலைஞனும்

துணிக்குச் சாயம் தோய்ப்பதும், தோலிலும் மண்ணிலும் செப்புத் தகட்டிலும் பண்டங்கள் செய்து விற்பதும் சித்திரக் கலைஞனின் கௌரவத்துக்குக் குறைவு என்ற அபிப்பிராயம், படித்தவர்களிடையே கூட இன்னும் வேரோடியிருக்கிறது. அதற்குத் தக்க மறுமொழி சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நெடுங்காலமாகவே இருந்து வருகிறது.

சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் முதல்வராக விளங்கிய கே. சி. எஸ். பணிக்கர், படிப்பை முடித்து வெளியேறும் மாணவர்கள் ஜீவனத்தின் பொருட்டு ஏதேனும் ஓர் உத்தியோகத்தில் அமர்ந்து தூரிகையை மறந்துவிடுவதைக் கண்டு வருந்தி, அவர்களை ஒன்றுகூட்டிக் கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்றை நிறுவினார்; அச்சங்கத்தார் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றுச் சேர்த்த பணம், 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைக் கிராமம் உருவாவதற்குப் பெருந்துணையாயிற்று. வயிற்றுக்குக் கைவினை துணை நின்றதனால், சந்தையின் விருப்பு வெறுப்புக்கு அஞ்சாமல் சித்திரம் எழுதும் சுதந்திரம் அவர்களுக்கு வாய்த்தது.

வயிற்றுப்பாட்டோடு அதன் பயன் முடிந்துவிடவில்லை. பாத்திக்கில், உருக்கிய மெழுகால் கோலமிட்ட துணியை வெளிர் நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் படிப்படியாகச் சாயத்தில் முக்கி, முடிவில் கொதிநீரில் மெழுகை நீக்குவார்கள். மெழுகின் சூடு குறைந்தால் அது இழைக்குள் ஊறாமல் மேலே படிந்து நிற்க, சாயம் அடியில் புகுந்து கோலத்தைக் கெடுத்துவிடும். தேன்மெழுகு துணியோடு வளைந்து கொடுக்கும். பாரபின் மெழுகோ நொறுங்கி, அவ்விரிசல்களின் வழியே மயிரிழைக் கோடுகளைப் பரப்பும். எந்த இடத்தில் நிறம் ஏறக்கூடாது என்பதை முன்னதாகவே நிச்சயித்துக்கொண்டு வேலை தொடங்கும் இந்தச் சிட்சையை, எளிதில் திருத்தக்கூடிய எண்ணெய் வர்ணம் கற்பிப்பதில்லை. அக்கிராமத்தில் வாழ்ந்த எஸ். ஜி. வாசுதேவ் பிற்காலத்தில் ஒரு நெசவாளரோடு கூடித் தம் சித்திரங்களைப் பட்டு நூலில் நெய்வித்ததும், எஸ். நந்தகோபால் செம்பிலும் பித்தளையிலும் சிற்பங்கள் சமைத்ததும், கலைக்கும் கைவினைக்கும் இடையே சுவரெழுப்பாத மரபின் விளைவுகளே.

வாங்குவோர் விரும்பும் பூவையும் மயிலையும் திரும்பத் திரும்பச் செய்வதால் கலைஞனின் கற்பனை மழுங்கிவிடும் என்று ஆட்சேபிப்போர் உண்டு. அவ்வச்சம் நியாயமானதே. கைவினைக்கென ஒதுக்கும் நேரத்துக்கு வரம்பு கட்டி, வருவாயில் ஒரு பங்கைச் சங்கத்துக்கு ஒதுக்கி, கோலத்தைத் தெரிவு செய்யும் உரிமையைச் செய்பவனிடமே விட்டுவிட்டால், அந்த அபாயத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

இன்றைய கலைஞர் குழுக்கள் நடத்தும் பயிற்சிப் பட்டறைகளில் பல, ஒரு பிற்பகலில் தொடங்கிச் சான்றிதழ் வழங்கலோடு நிறைவுறுகின்றன. சாயத்தின் குணமோ நூலின் முறுக்கோ அதற்குள் எவருக்கும் வசப்படாது. சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகள் தங்கள் பட்டறைகளை மாலை வேளைகளில் பழைய மாணவர் குழுக்களுக்குத் திறந்துவிட்டு, அனுபவமிக்க சாயக்காரரையும் நெசவாளரையும் உரிய ஊதியத்தோடு ஆசிரியராக அமர்த்துமாயின், அதற்காகும் செலவு சொற்பமாகவே இருக்கும். ஆண்டுதோறும் பொன்னாடை போர்த்தி விருது வழங்குவதைக் காட்டிலும், அத்தகைய ஏற்பாடு இளங்கலைஞர் பலரைத் தொழிலில் நிலைக்கச் செய்யும்.