இந்த வசனம் நமக்குப் புதிதல்ல!

பயிரில் விழுந்த பூச்சி எது என்று தெரிந்தால்தான் மருந்து அடிக்க முடியும். மோசடிக்காரனும் அப்படித்தான். அவனைப் பேச்சை வைத்தே இனம் காண வேண்டும். அதற்கு உதவும் படம் ஒன்று உண்டு. எச்.வினோத் இயக்கி 2014-இல் வெளிவந்த 'சதுரங்க வேட்டை'தான் அது.

அதில் நட்டி நடித்த காந்தி பாபு என்ற பாத்திரம் ஊரை ஏய்த்துப் பிழைப்பவன். ஒருவரை ஏமாற்ற அவரது இரக்கத்தை நம்பாதே, ஆசையைத் தூண்டு என்பது அவன் பாடம். பொய்யோடு கொஞ்சம் உண்மையையும் கலக்க வேண்டும் என்பது இன்னொரு பாடம். அவன் பேசும் அழகில் நமக்கே கைதட்டத் தோன்றும்.

படத்தில் மண்ணுளிப் பாம்பை இருதலைப் பாம்பு என்று ஒருவர் தலையில் கட்டுகிறான். அதன் வால் மழுங்கி, தலை போலத் தோன்றுவது உண்மை. அதற்கு அதிசய சக்தி உண்டு என்பது பொய். வயல் எலியைத் தின்று நமக்கு உதவும், விஷமில்லாத பிராணி அது. அதைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இதே வசனத்தைக் கொங்குச் சீமை விவசாயிகள் படம் வருமுன்பே கேட்டுவிட்டார்கள். "கொட்டகை, குஞ்சு, தீனி எல்லாம் நாங்கள் தருகிறோம். முன்பணம் கட்டி வளர்த்தால் போதும், மாதாமாதம் பணம்" என்றார்கள் ஈமு கோழிக்காரர்கள். ஈமு பெரிய பறவை என்பது உண்மை. முட்டை பெரிது என்பதும் உண்மை. அந்த முட்டையையும் கறியையும் வாங்குவது யார் என்பதற்குத்தான் பதில் இல்லை. 2012-இல் பெருந்துறை வட்டாரத்தில் நிறுவனங்கள் மூடப்பட்டன. முன்பணம் போயிற்று. தீனியின்றிப் பறவைகள் பட்டியிலேயே மடிந்தன.

ஓரிடத்தில் மட்டும் காந்தி பாபுவின் பேச்சை நாம் ஏற்க முடியாது. ஏமாந்தவனுக்குப் பேராசை என்கிறான் அவன். கிணறு வற்றி, விளைந்ததற்கு விலையும் இல்லாமல், நகைக் கடனுக்கு வட்டி கட்டத் திண்டாடுகிறவருக்கு மாதம் ஒரு நிலையான வருமானம் வேண்டும் என்பது பேராசையா? அது தேவை. அதைப் பேராசை என்று ஊர் ஏசுவதால்தான் ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார். அந்த மௌனமே அடுத்து வருகிறவனுக்கு முதலீடு.

ஆகவே, நாளை ஆடு, நாட்டுக்கோழி, மரக்கன்று என்று எந்தப் பெயரில் யார் வந்தாலும் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இதைக் கடைசியில் காசு கொடுத்து வாங்குபவர் யார்? நீங்கள் வாங்காவிட்டால் எந்தச் சந்தையில் விற்பது? பதில் சொல்லாமல் "இன்றே பணம் கட்டுங்கள்" என்று அவசரப்படுத்தினால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் ஒளிக்க வேண்டாம். முதலீட்டாளர் நலனைக் காக்க 1997 முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுங்கள். வெட்கப்பட வேண்டியவன் ஏமாற்றியவன்தான்.