அழலும் அழற்சியும்

திருவாலங்காட்டைக் காரைக்காலம்மையார் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் வெந்து வறண்ட சுடுகாட்டைக் களமாகக் கொண்டவை. சித்திரை மாதத்து நண்பகலில் இரத்தினசபையைக் காணச் செல்வோர்க்கு அவ்வெம்மையைக் கற்பனை என்று கருதத் தோன்றாது. அடுத்துள்ள திருத்தணியின் பெயரையும், 40 பாகை சென்டிகிரேடைக் கடந்த ஊர்களின் வரிசையில் வேனில்தோறும் காண்கிறோம். இத்திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளில், ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்த தொழிலாளர் பலர் அவ்வேனில் முழுதும் உழைக்கின்றனர். உழைப்பவருள் ஒருவர் வெயிலில் வீழ்ந்தால், "உடம்பில் வலுவில்லை" என்றும், "விதி" என்றும் சொல்லி அயலார் மனம் ஆறிவிடுகின்றனர். இக்கூற்று பிழையென்பதே நம் கட்சி.

வெயில் உடலுக்குள் யாது செய்கிறது என்பதை அறிவதற்கு ஓர் ஈயின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். இத்தாலியரான ரித்தோசா என்பார் பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்து வருகையில், ஈக்களை வைத்திருந்த பெட்டியின் சூட்டை யாரோ தவறுதலாக உயர்த்திவிட்டனர். பின்னர் நோக்கியபோது, உயிரணுக்களின் மரபிழைகள் முன்பில்லாத இடங்களிற் புடைத்திருந்தன. 1962ல் அவர் இதனை வெளியிட்டார். சூட்டைத் தாங்கும் புரதங்களை உயிரணு அவசரமாகச் செய்யத் தொடங்கியதன் அடையாளமே அப்புடைப்பு என்பது பின்னர் விளங்கிற்று.

வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எனப்படும் இவை, சூட்டினால் மடிப்புக் குலைந்த பிற புரதங்களைத் தாங்கி மீண்டும் உருப்பெறச் செய்கின்றன. இவற்றை ஏவுவது எச்.எஸ்.எஃப்.1 என்னும் மற்றொரு புரதம். அமைதிக் காலத்தில் தாங்கும் புரதங்களே அதனைப் பிடித்து அடக்கி வைக்கின்றன. சூடேறியதும் அவை குலைந்தவற்றைக் காக்க ஓடிவிடும். பிடி நீங்கிய எச்.எஸ்.எஃப்.1 மும்மூன்றாய்ச் சேர்ந்து உயிரணுவின் கருவுட் புகுந்து, தாங்குவார் இன்னும் வேண்டுமென ஆணையிடும். ஆட்கள் போதாமையையே ஆபத்தின் அளவுகோலாகக் கொண்ட இவ்வேற்பாடு எத்துணை நேர்த்தியானது! வெம்மைக்குச் சிறிது சிறிதாகப் பழகியவர் உடலில் இப்புரதங்கள் மிகுந்திருக்கும். அங்ஙனம் பழக ஒன்றிரண்டு வாரங்கள் செல்லும்.

ஆயின் இக்காவலுக்கும் எல்லை உண்டு. இசட்.பி.பி.1 என்னும் புரதம் நாம் பிறவியிலேயே பெற்ற நோயெதிர்ப்பைச் சேர்ந்தது. வைரஸ் புகுந்த உயிரணுவை அறிந்து மாய்த்து, ஏனையவற்றைக் காப்பது அதன் தொழில். கடுஞ்சூட்டிலும் இதுவே உயிரணுக்களை மாய்க்கிறதெனச் சீன ஆராய்ச்சியாளர் 2022ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் எலிகளைக்கொண்டு நிறுவினர். அப்புரதம் இல்லாத எலிகளுக்குத் தீங்கு குறைந்தது. அப்புரதத்தைப் பெருகச் செய்வது யாதெனின், மேற்சொன்ன எச்.எஸ்.எஃப்.1 தான். காக்க ஆள் கூட்டியதே கொல்லவும் ஆள் கூட்டுகிறது. மாயும் உயிரணுக்கள் வெடித்து உள்ளிருப்பதைக் கொட்ட, காவலணுக்கள் பகைவர் புகுந்தாரென்று கொதித்தெழுகின்றன. குடற்சுவரும் சூட்டில் நெகிழ்ந்து, உள்ளே அடங்கியிருந்த நுண்ணுயிர்களின் நஞ்சைக் குருதியில் விட்டுவிடுகிறது. வெயில் தொடங்கிய வேலையை அழற்சி முடிக்கிறது. அழற்சி என்ற சொல்லே நெருப்பைக் குறிக்கும் அழல் என்பதனடியாகப் பிறந்தது. இலத்தீனரும் தீயின் பெயராலேயே அதனை அழைத்தனர்.

ஆகவே, வீழ்ந்தவன் உடல் காவலில் தவறியதன்று. அளவு கடந்து காத்தே வீழ்ந்தது. அவனை வலுவற்றவன் என்பது எங்ஙனம் பொருந்தும்? ஒரே நாளில் வீழாதவரும் முற்றும் தப்புவதில்லை. நம் மாநிலத்து உப்பளங்களில் 352 தொழிலாளரை ஆராய்ந்த சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார், நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருக்கக் கண்டனர்.

வீழ்ந்தவர்க்குக் காய்ச்சல் மாத்திரை கொடுப்பாரும் உளர். காய்ச்சலில் மூளையே உடற்சூட்டின் அளவை உயர்த்தி வைக்கிறது. மாத்திரை அவ்வளவை இறக்கும். வெயில் தாக்கியவர்க்கோ மூளை அவ்வளவை உயர்த்தவில்லை. சூடு வெளியேற வழியின்றித் தேங்கியுள்ளது. அவருக்கு மாத்திரையாற் பயனில்லை. வண்டி வருமட்டும் காத்திராமல் அவரைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தவேண்டும்; இயலாவிடின் உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறவேண்டும். அரை மணி நேரத்துக்குள் சூடு தணிந்தால் பிழைப்பார் மிகப் பலர். நினைவு தடுமாறியவர் வாயில் நீர் புகட்டலாகாது.

"வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவர்க்கு வெயில் என் செய்யும்?" என்பார்க்கு ஒன்று சொல்வோம். சில வாரங்கள் வேலையில் நின்றவர் தம் பழக்கத்தை இழந்துவிடுவர். திரும்பி வந்த முதல் வாரமே அவர்க்கு அபாயமானது. 2024ல் தமிழ்நாட்டு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் தருவதென விதித்தது. நன்றே; ஆயினும் அப்பணம் இறந்தபின் வருவது. சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுகிறது. நிழலில் அமரும் ஒவ்வொரு நாழிகையும் கூலி இழப்பாகையால், நீரும் பந்தலும் இருந்தும் தொழிலாளி அமரமாட்டான். நண்பகல் முதல் மூன்று மணி வரை வேலையை நிறுத்தி, அந்நேரத்துக்கும் கூலி கொடுக்கவேண்டும். புதிதாக வந்தவர்க்கும், இடைநின்று திரும்பியவர்க்கும் முதல் வாரம் பாதிக் கல்லுக்கு முழுக் கூலி தரவேண்டும்.