எழுத்துக்கு எந்தக் கருவி?

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள் பெரியோர். இவ்வாண்டு நான் அப்படித்தான் இறங்கினேன். என் தோழியர் எவரும் அவ்வாறு இறங்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம் ஆண்டு மலருக்கு ‘எங்கள் தாமிரபரணி’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். தேர்வோ நெருங்கிவிட்டது. அப்பாவின் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்று இருந்தது. அதில் தலைப்பைத் தட்டினேன். ஒரு நிமிடத்திற்குள் இரண்டு பக்கக் கட்டுரை வந்து நின்றது. நடை அழகாக இருந்தது. எழுத்துப்பிழையும் கண்ணில் படவில்லை. அப்படியே தாளில் படியெடுத்து, மகிழ்ச்சியோடு ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். நம் ஆறு குழித்துறை வழியாகப் பாய்ந்து, தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலில் கலக்கிறது என்ற வரி வந்தது. ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“ஏட்டி, நம்ம ஆறு எப்போ குழித்துறைக்குப் போச்சு? நான் பொறந்த புன்னைக்காயல்லதான கடல்ல விழுது!”

ஆச்சி சொன்னதே சரி. பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலப்பது நம் தாமிரபரணி. கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறை வழியே ஓடும் ஆற்றுக்கும் தாமிரபரணி என்ற பெயர் உண்டு. கருவி இரண்டு ஆறுகளையும் ஒன்றாக்கிவிட்டது. கருவி தவறியதைவிட, பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த நான் அந்த வரியை என் கையால் எழுதியும் கவனிக்கவில்லையே என்பதுதான் எனக்கு வெட்கமாயிற்று.

மறுநாள் தமிழாசிரியையான அருட்சகோதரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் ஏசவில்லை. கட்டுரையை வாங்கிப் படித்துவிட்டு, “இதில் நீ பார்த்தது எது? ஒன்றைக் காட்டு” என்று மட்டும் கேட்டார்கள். இரண்டு பக்கத்தில் ஒரு வரியைக்கூட என்னால் காட்ட முடியவில்லை.

இக்கருவிகள் எழுதும் விதம்

2022 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியை வெளியிட்டது. அதன்பின் கூகுளின் ஜெமினி, ஆந்த்ரோபிக்கின் கிளாட், மைக்ரோசாஃப்டின் கோபைலட் எனப் பல வந்துள்ளன. இவை யாவும் அளவற்ற பக்கங்களைப் பயின்று, ஒரு சொல்லை அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் எனக் கணித்துக் கணித்து எழுதுபவை. ஆகவே உண்மையும் பொய்யும் ஒரே அழகிய நடையில் வருகின்றன. வாசிக்கும்போது வேறுபாடு தெரிவதில்லை. அவை பயின்ற பக்கங்களில் ஆங்கிலமே மிகுதி, தமிழ் குறைவு, நம் சிற்றூர்களைப் பற்றிய செய்தி அதனினும் குறைவு. எனவே இலண்டனைப் பற்றிக் கேட்டால் சரியாகச் சொல்லும் கருவி, ஆத்தூரைப் பற்றிக் கேட்டால் தடுமாறுவதில் வியப்பில்லை.

இதில் ஏமாறுவது பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்லர். 2023 ஜூன் மாதம் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று வழக்கறிஞர் இருவருக்கும் அவர்களுடைய நிறுவனத்திற்குமாக 5,000 டாலர் அபராதம் விதித்தது. சாட்ஜிபிடி கற்பித்துத் தந்த, உலகில் எங்குமே இல்லாத தீர்ப்புகளை அவர்கள் மேற்கோளாகக் காட்டியிருந்தார்கள். சட்டம் படித்தவர்களே சரிபார்க்க மறந்தார்கள் என்றால் நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

எவ்வேலைக்கு எக்கருவி?

“எந்தக் கருவி நல்லது?” என்று வகுப்பில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். அரிவாள்மணை நல்லதா, அம்மி நல்லதா என்று எந்தத் தாயும் கேட்பதில்லை. நறுக்க வேண்டுமா, அரைக்க வேண்டுமா என்றுதான் பார்ப்பார். எழுத்துவேலையிலும் அதுவே முறை.

ஒற்றுப்பிழையும் எழுத்துப்பிழையும் திருத்த வேண்டுமா? நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதும் தமிழ்க் கணிமை ஆர்வலர் உருவாக்கிய ‘நாவி’ என்ற சந்திப்பிழை திருத்தியும், ‘வாணி’ என்ற சொற்பிழை திருத்தியும் இருக்கின்றன. மொழிபெயர்க்க வேண்டுமா? கூகுள் மொழிபெயர்ப்பில் 2011 முதல் தமிழ் இருக்கிறது. இந்திய அரசின் ‘பாஷிணி’ 2022 இல் தொடங்கப்பட்டது. செய்தி திரட்ட வேண்டுமா? 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய நூல்கள் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, எல்லா வேலையையும் உரையாடும் கருவி ஒன்றிடமே ஒப்படைப்பதுதான் நாம் செய்யும் பிழை.

அப்படியானால் உரையாடும் கருவி வேண்டாமா? வேண்டும் என்பதே என் கருத்து. நம்மில் பலருக்கு வீட்டில் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்தித் தர ஆளில்லை. தனிப்பயிற்சிக்குக் கட்டணம் கட்டவும் வசதியில்லை. ஒரே இலக்கண ஐயத்தைப் பத்து முறை கேட்டாலும் சலிக்காமல் விளக்கும் கருவி அத்தகையோருக்குப் பெரும் உதவி. கணிப்பான் வந்தபின் மனக்கணக்கு போயிற்று என்று வருந்துகிறவர்களும், அதே கணிப்பானைக் கடையில் பயன்படுத்தத்தான் செய்கிறார்கள். கருவியை விலக்குவது அறிவன்று. அளந்து கொள்வதே அறிவு.

நான்கு கேள்விகள்

ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று இப்போது உறுதி கொண்டுள்ளேன்.

முதலாவது, இதற்கு நம் ஊர் தெரியுமா? நமக்கு நன்கு தெரிந்த ஒன்றைக் கேட்டுச் சோதிக்கலாம். பத்தமடைப் பாய் எந்தப் புல்லில் நெய்யப்படுகிறது? தாமிரபரணி எங்கே கடலில் கலக்கிறது? தெரிந்த கேள்விக்கே தவறிய கருவியைத் தெரியாத செய்திக்கு நம்புவது எப்படி?

இரண்டாவது, செய்தியை எங்கிருந்து எடுத்தது என்று காட்டுகிறதா? சில கருவிகள் இணையத்தில் தேடி, எடுத்த பக்கத்தையும் காட்டுகின்றன. அப்பக்கத்தைத் திறந்து படிப்பது நம் கடமை.

மூன்றாவது, நம்மிடமிருந்து எதை வாங்கிக்கொள்கிறது? இலவசம் என்று வருவதெல்லாம் இலவசமன்று. வீட்டு முகவரி, நிழற்படம், பள்ளி எண் போன்றவற்றை அதனிடம் தரலாகாது. பெற்றோரும் ஒன்றைக் கருத வேண்டும்: நம் நாட்டின் 2023 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது, அவர்களுடைய தகவலைப் பெறப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சாட்ஜிபிடியின் விதிகளும் 18 வயதுக்குட்பட்டோர் பெற்றோர் அனுமதியோடே பயன்படுத்த வேண்டும் என்கின்றன. அப்பாவின் கைப்பேசியில் அவருக்குத் தெரியாமல் தட்டிய நான் இதையும் மீறியவளே.

நான்காவது கேள்வியே தலையாயது. கருவி தவறினால் என்னால் அதைக் கண்டுபிடிக்க முடியுமா? நான் எழுதிய கட்டுரையைத் திருத்தச் சொன்னால், திருத்தம் சரியா என்று எனக்குத் தெரியும். நான் அறியாத ஒன்றை எழுதச் சொன்னால், தவறு வந்தாலும் எனக்குத் தெரியாது. நம்மால் பிழை பிடிக்கக்கூடிய வேலையை மட்டுமே கருவிக்குக் கொடுக்க வேண்டும். மற்றதை முதலில் நாம் கற்க வேண்டும். வத்திக்கான் 2025 ஜனவரி 28 அன்று வெளியிட்ட ‘ஆன்டிகுவா எட் நோவா’ என்ற ஏடும், பல கருவிகள் மாணவரைத் தாமே விடை காணத் தூண்டாமல் விடையையே எடுத்துக் கொடுத்துவிடுகின்றன என்று எச்சரிக்கிறது.

ஒரு வேண்டுகோள்

அடுத்த ஆண்டு முதல் மலருக்குக் கட்டுரை தரும் ஒவ்வொருவரும், கருவியைப் பயன்படுத்தினாரா, எதற்குப் பயன்படுத்தினார் என்று கட்டுரையின் கீழே ஒரு வரி எழுதட்டும். மலர்க்குழுவில் எவரேனும் ஒரு வாக்கியத்தைச் சுட்டிக் கேட்டால், அதை விளக்கவும் ஆயத்தமாக இருக்கட்டும். இது தண்டனையன்று, நேர்மைக்கு ஒரு பயிற்சி. தன் சொல்லுக்குப் பொறுப்பேற்கத் தெரிந்த பெண்ணைப் பிற்காலத்தில் அலுவலகமும் நம்பும், வீடும் நம்பும்.

என் ஆற்றுக் கட்டுரையை மீண்டும் எழுதினேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆச்சியின் அருகில் உட்கார்ந்து, புன்னைக்காயலில் ஆறும் கடலும் கூடுமிடத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதினேன். முன்னதைப்போல் நடை வழுவழுப்பாக இல்லை. முடித்தபின் அதே கருவியிடம் பிழை மட்டும் பார்க்கச் சொன்னேன். ஐந்து ஒற்றுப்பிழைகளைக் காட்டியது. இலக்கண நூலோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டேன். ‘ஆச்சி’ என்பதைப் ‘பாட்டி’ என்று மாற்றலாம் என்றும் சொல்லியது.

அதை நான் ஏற்கவில்லை. ஆச்சி ஆச்சியாகவே இருக்கிறார்கள்.

— மலர்க்குழு மாணவி, பன்னிரண்டாம் வகுப்பு

(இக்கட்டுரையில் கருவியைச் சந்திப்பிழை பார்க்க மட்டுமே பயன்படுத்தினேன்.)