யார்க் போனால் முதலில் மதில்மேல் ஏறுங்கள்

செல்வங்களே, இங்கிலாந்திலிருந்து நீங்கள் அனுப்பும் யார்க் நகரப் படங்களில் ஷாம்பிள்ஸ் தெருவைத் தவிர வேறெதையும் காணோம். ‘ஹாரி பாட்டர் எடுத்த தெரு சார்!’ என்கிறீர்கள். அந்தப் படம் அங்கே எடுக்கப்படவே இல்லை. அது பழைய கசாப்புக் கடைத் தெரு. இறைச்சி மாட்டிய கொக்கிகள் சில கடை முகப்புகளில் இன்னும் இருக்கின்றன. அதை யாராவது படம் எடுத்தீர்களா?

என் கட்சி இதுதான்: முதலில் மதில்மேல் ஏறுங்கள். சுமார் 3.4 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. நேரமில்லையா, பூதம் பாரிலிருந்து மங்க் பார் வரையாவது நடங்கள். (பார் என்றால் அங்கே கோட்டை வாசல். சிரிக்காதீர்கள்.) தோட்டங்களுக்கு அப்பால் மின்ஸ்டர் பேராலயம் கூடவே வரும்.

1800 வாக்கில் இந்த மதிலை இடிக்கக் கிளம்பியது யார்க் நகர நிர்வாகமேதான். பராமரிப்புச் செலவாம், வாசல்கள் குறுகலாம். வாசல்களுக்கு முன்னால் இருந்த காப்புக் கட்டுகளை இடித்தே விட்டார்கள். வால்ம்கேட் பாரில் மட்டும் ஒன்று மிஞ்சியது. மதிலைக் காக்கக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ஓவியர் வில்லியம் எட்டி, அந்த ஊர் ரொட்டிக்காரரின் மகன். பூதம் பார் அருகே கலைக்கூடத்தின் முன் நிற்பது அவர் சிலைதான். அதன் பக்கத்தில் நின்று எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.

மின்ஸ்டரைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. மாலை வழிபாட்டுக்குப் போய் உட்கார்ந்தால் பாட்டு இலவசம். ரயில் அருங்காட்சியகமும் இலவசம், பிள்ளைகள் கிளம்ப மாட்டார்கள். மதில்மேல் மட்டும் அவர்கள் கையை விடாதீர்கள். உள்பக்கம் பல இடங்களில் தடுப்பே இல்லை.